அதிபரின் கையெழுத்து செல்லாத ஊர்

...இன்னும் எழுபது மைல், எழுபது மைலும் இவள் என் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருக்கப் போகிறாள், மடியில் கறுப்புக் கைப்பை, அதன் மேல் கோத்துவைத்த இரண்டு கைகள், கைப்பைக்குள் நாலாக மடித்த ஒரு தாள், வண்டியில் ஏறியதும் கண்ணாடியை எடுக்கத் திறந்தாளே அப்போது பார்த்தேன், தாளின் மறுபக்கம் வரை மை ஊறியிருந்தது, அவ்வளவு அழுத்தி எழுதியிருக்கிறாள், அழுத்தி எழுதினால் கோபம் என்று அர்த்தமா, விரல் வீக்கம் என்று அர்த்தமா... என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டுவிடலாம், கேட்டால் சொல்லிவிடுவாள், எதையும் மறைக்கிற பெண் இல்லை சிஸ்டர் பெட்வே, அதனால்தான் கேட்கப் பயமாக இருக்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இவளுடைய மகள் இமானியின் மேல் என் மகன் லாவெல் காரை ஏற்றினான். பத்தொன்பது வயசுப் பெண், பள்ளிக்கூடத் தெருவைக் கடந்துகொண்டிருந்தாள், அங்கேயே போய்விட்டாள். இன்று காலை பத்து மணிக்கு மாநிலத் தலைநகர் மாண்ட்கமரியில் மூன்று பேர் ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, லாவெலை வெளியே விடலாமா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறார்கள், அதற்கு இறந்தவளின் தாய் என்ன சொல்கிறாள் என்று கேட்பார்கள், அந்தத் தாயை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பவள் நான். உலகத்தில் வேறு யாருக்காவது இப்படி ஒரு சவாரி வாய்த்திருக்குமா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வண்டி நிறுத்துமிடத்தில் வந்து என் தோளைத் தொட்டாள், சபையில் பன்னிரண்டு வருஷமாக நாலு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்தவள் முதல் தடவையாகத் தொட்டாள், "வெர்லீன், செவ்வாக்கிழமை நீ மாண்ட்கமரி போறேல்ல? என் வண்டி மெக்கானிக்குகிட்ட கெடக்கு. என்னையும் ஏத்திக்கிட்டுப் போ. ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துலதானே சோலி" என்றாள். சரி சிஸ்டர் என்றேன். வேறென்ன சொல்ல?

லாவெல் இந்நேரம் என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து முட்டை தின்றுகொண்டிருக்க வேண்டியவன், பதினாலு மாசத்துக்கு முன்னாலேயே... அதிபர் மன்னித்துவிட்டார், தெரியுமா, அமெரிக்காவின் அதிபர், என் மகனின் பெயரை முழுசாக, நடுப்பெயர் உட்பட எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, தங்க நிற முத்திரை ஒட்டி... அட்லாண்டாவிலிருந்து மாநில எல்லை தாண்டி மூன்று தடவை போதை மருந்து கொண்டுவந்தான் என்று மத்திய அரசு இருபத்திரண்டு வருஷம் போட்டிருந்தது, அதில் பத்தரை வருஷம் கழிந்த நிலையில் அந்தத் தாள் வந்தது. நான் அடுப்படியிலேயே முழங்கால் போட்டேன். பாஸ்டர் ஹோலிஸ் ஞாயிறு காலை அந்தத் தாளைப் பிரசங்க மேடையில் தூக்கிப் பிடித்து, பூலோக ராஜாவே மன்னிக்கும்போது பரலோக ராஜா எவ்வளவு மன்னிப்பார் என்றார், சபை எழுந்து நின்று கைதட்டியது. மத்திய சிறை வாசலுக்குப் போனேன், புதுச் சட்டை, புது பெல்ட், புது ஷூ, பத்தரை வருஷத்தில் கால் வளர்ந்திருக்காது என்று எனக்குத் தெரியாதா, ஆனாலும் ஒரு நம்பர் பெரிசாக வாங்கியிருந்தேன், கதவு திறந்தது, வெளியே வந்தான், என்னைப் பார்த்துச் சிரித்தான், எனக்கும் அவனுக்கும் நடுவில் எங்கள் கவுண்டிப் போலீஸின் வெள்ளை வேன் வந்து நின்றது. இரண்டு டெபுடிகள். ஒருவன் நல்ல பையன், எங்கள் பள்ளிக்கூடச் சமையலறையில் நான் சாப்பாடு போட்டு வளர்ந்தவன், தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினான், "மிஸ் வெர்லீன், அதிபரோட பேப்பரு மத்திய அரசு கேஸுக்குத்தாம்மா. அந்தப் பொண்ணு செத்த கேஸு மாநிலத்தோடது. அந்த இருவது வருஷம் இன்னிக்குத்தான் ஆரம்பிக்குது." லாவெல் கையை நீட்டினான், அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, என்னிடம் சொல்லவில்லை, ஷூ டப்பா என் கையிலேயே இருந்தது. வீட்டுக்கு வந்து அந்தத் தாளைத் திரும்பப் படித்தேன், முதல் தடவை முத்திரையைத்தான் பார்த்தேன், இப்போதுதான் எழுத்தைப் பார்த்தேன், அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு எதிராகச் செய்த குற்றங்களுக்கு, என்றிருந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு எதிராக. இமானி அமெரிக்க ஐக்கிய நாடுகள் இல்லையே. இமானி இந்தக் கறுப்புக் கைப்பைக்காரியின் மகள்.

"நீ ஓட்டற வேகத்துல இயேசு ரெண்டாவது வந்துட்டுத் திரும்பியும் போயிருவாரு" என்கிறாள் சிஸ்டர் பெட்வே, முன்னால் பார்த்தபடியே. நாற்பத்தைந்தில் போகிறேன், லாரிக்காரர்கள் ஹாரனை அழுத்திவிட்டுத் தாண்டிப் போகிறார்கள், அந்த நாளுக்கு அப்புறம் ஐம்பதைத் தொட்டதில்லை, அதை இவளிடம் எப்படிச் சொல்ல. "நேரத்துக்குப் போயிடலாம் சிஸ்டர்" என்கிறேன். "போயிடலாம்னுதான் மோசே கெளம்பினாரு, நாப்பது வருஷம் வனாந்தரத்துல அலைஞ்சாரு" என்கிறாள். சிரிப்பு வருகிறது எனக்கு, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் இருமுகிறேன். கைப்பையிலிருந்து புதினா மிட்டாய் எடுத்துக் கொடுக்கிறாள், தாள் இன்னொரு தடவை கண்ணில் படுகிறது. "அந்த பேனரை யாரு எழுதினது?" என்கிறாள் திடீரென்று. எந்த பேனர் என்று கேட்கவில்லை நான், கேட்டால் பொய். சபையின் முன் வாசலில் கட்டினோமே, நல்வரவு லாவெல் என்று, மஞ்சள் பலூன்கள், இவள் அந்த வாசல் வழியாகத்தானே உள்ளே வர வேண்டும், இருந்த சந்தோஷத்தில் எனக்கு அது தோன்றவேயில்லை, தோன்றவில்லையா, தோன்றியதைத் தள்ளிவிட்டேனா... "வாலிபர் சங்கத்துப் பிள்ளைங்க சிஸ்டர். நான்தான் எழுதச் சொன்னேன்." "எழுத்து நல்லாயிருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான். மிட்டாய் வாயில் கரையமாட்டேன் என்கிறது.

இவள் மன்னித்துவிட்டவள். அது ஊருக்கே தெரியும். இமானியை அடக்கம் செய்த மூன்றாம் வாரம், சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் பாஸ்டர் மைக்கை இவள் முன்னால் நீட்டினார், டிவிக்காரர்கள் வந்திருந்தார்கள், என் மகளைக் கொன்றவனை நான் மன்னித்துவிட்டேன் என்றாள், நான் நாலு பெஞ்சு பின்னால் உட்கார்ந்திருந்தேன், எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், அழவேண்டும் என்று எதிர்பார்த்தார்கள், அழுதேன். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் மிஸ் ஓடம், எங்கள் வக்கீல், மனுவின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறாள், இறந்த பெண்ணின் தாயாரே மன்னித்துவிட்ட நிலையில் என்று. அதை நினைத்துக்கொண்டே, ஒரு தைரியத்தில், "அன்னிக்கு நீங்க சபையில சொன்னது, சிஸ்டர், அதை நான் ஒரு நாளும் மறந்ததில்ல" என்கிறேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை, ஓட்டுக் கேட்பவன் குரல்.  பைன் மரங்கள் போகின்றன, பஞ்சுக் காடு போகிறது. "மைக்கை மூஞ்சிக்கு நேரா நீட்டினா என்ன சொல்லுவா ஒருத்தி? எல்லாரும் வாயைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. சொன்னேன். பொய்யில்ல, சொன்னப்ப நெசம்தான். வீட்டுக்குப் போயி அவளோட செருப்பைப் பாத்தேன், நெசம் போயிருச்சு. அன்னையிலேருந்து காலையில எந்திரிச்சதும் பல்லு வெளக்கற மாதிரி மன்னிக்கிறேன் வெர்லீன். சில நாளு மத்தியானம் வரைக்கும் தாங்கும். சில நாளு காப்பி ஆறதுக்குள்ள போயிரும்." பிறகு, "இன்னொண்ணு. மன்னிச்சேன்னு சொன்னேன். வெளிய விடுங்கன்னு சொல்லல. ரெண்டும் ஒண்ணுன்னு உங்க வக்கீலம்மாவுக்கு யாரு சொன்னா?"

முடிந்தது என்று நினைக்கிறேன், இல்லை என்றுதான் எழுதியிருக்கிறாள், எனக்கு அறுபத்திரண்டு வயசு, இன்னும் பத்தொன்பது வருஷம், இல்லை நன்னடத்தை எல்லாம் கழித்து ஒரு பன்னிரண்டு, அப்போது நான் எங்கே இருப்பேன், அவன் வெளியே வந்து என் கல்லறையைத் தேடிக் கண்டுபிடிப்பான், கர்த்தாவே, எழுபது முறை ஏழு தடவை மன்னிக்கச் சொன்னீரே, யாரிடம் சொன்னீர், இவளிடமா, அதிபரிடமா, கவர்னரிடம் மனுப்போட்டோம், கொலைக்கேஸ் விடுதலை வாரியத்தின் கையில் என்று பதில் வந்தது, வாரியத்திடம் போட்டோம், இறந்தவளின் தாய் என்ன சொல்கிறாள் பார்ப்போம் என்றார்கள், ஒவ்வொரு கதவும் அடுத்த கதவைக் காட்டுகிறது, கடைசிக் கதவு என் பக்கத்தில் உட்கார்ந்து மிட்டாய் தின்கிறது... "அவன் எனக்கு நாலு கடுதாசி போட்டான்" என்கிறாள் சிஸ்டர் பெட்வே. "தெரியுமா?" தெரியும், நான்தான் எழுதச் சொன்னேன். "நல்ல கையெழுத்து. நாலுலயும் மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க. நான் பதிலுக்கு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். ஏன்டா அந்த வேகம்? யாரும் தொரத்தல. குடிக்கல, ஒண்ணும் போட்டுக்கல, ரத்தத்துல எதுவும் இல்லன்னு டாக்டரே சொன்னாரு. புதன்கெழமை, பதினொண்ணே முக்கால், பள்ளிக்கூடத் தெரு, எழுவது மைலு வேகம். ஏன்? அதுக்கு மட்டும் பதிலே இல்ல. அதை மறைக்கிறவன் என்னத்துக்கு மன்னிப்பு கேக்கிறான்? எதை மன்னிக்கிறேன்னு தெரியாம நான் எப்படி முழுசா மன்னிக்கிறது?"

பெட்ரோல் போட வேண்டும் என்று சொல்லி வண்டியைத் திருப்புகிறேன், டாங்கில் பாதிக்கு மேல் இருக்கிறது. வேகவைத்த நிலக்கடலை விற்கிற கடை, அவளுக்கு ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறேன். இதே மாதிரி ஒரு கழிப்பறைதான். என் வீட்டுக் கழிப்பறை, பச்சைத் திரை, சோப்பு வாசனை, ஜன்னல் வழியாகப் பார்த்தேன், மூன்று கார்கள் வாசலில், முதுகில் எழுத்துப் போட்ட கறுப்புச் சட்டை ஆட்கள், லாவெல் சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தான், நான் ஃபோன் போட்டேன், குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் பேசினேன்... வீட்டுக்கு வராதே, போலீஸ் நிக்குது, திரும்பு, பள்ளிக்கூடத் தெரு வழியா மாமா வீட்டுக்குப் போ, ஓடு, வேகமா போடா... போறேம்மா என்றான், வேகமா என்றேன், வேகமா வேகமா என்று எத்தனை தடவை சொன்னேன்? ஃபோனை அவன் மடியில் போட்டிருப்பான், சத்தமாகக் கேட்டது, எஞ்சின், பிறகு ஒரு சத்தம், மாவு மூட்டையைத் தரையில் போட்டால் வருகிற சத்தம். பிறகு அவன் குரல். ஓடிப்போகவில்லை அவன், அதை எல்லாரும் சொன்னார்கள், ரோட்டில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தானாம். கோர்ட்டில் அரசு வக்கீல் என்னைக் கேட்டார், அன்று நாலு நிமிஷம் மகனிடம் ஃபோனில் பேசியிருக்கிறீர்களே, என்ன பேசினீர்கள்? சத்தியம் செய்த கை இன்னும் சூடாக இருந்தது. வரும்போது பாலும் ரொட்டியும் வாங்கிவரச் சொன்னேன் என்றேன். லாவெல் அவன் வக்கீலின் மேஜையிலிருந்து என்னைப் பார்த்தான், பிறகு குனிந்துகொண்டான். அடுத்த வாரம் சிறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "பாலும் ரொட்டியும்தாம்மா. அதை மாத்தாத. நீயும் உள்ள வந்துட்டா என்னைப் பாக்க யாரு வருவா?" என்றான். இருபத்திநாலு வயசு அப்போது. நான் சரி என்றேன். பிள்ளை சொன்னால் சரி என்று சொல்லிவிட வேண்டியதுதானா? பன்னிரண்டு வருஷம், ஒவ்வொரு திருவிருந்து ஞாயிறும், தட்டு என் பெஞ்சுக்கு வரும்போது, அந்த அப்பத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

சொல்லிவிடலாமா? சொன்னால் என்ன ஆகும்? பையன் மறைக்கவில்லை, தாயைக் காப்பாற்றினான் என்று தெரிந்தால் இவள் மனசு இளகலாம், லாவெல் வெளியே வரலாம், அப்படியானால் சொல்ல வேண்டும்... கோபம் வந்து அந்த மூன்று பேர் முன்னால் எல்லாவற்றையும் கொட்டினால், அம்மாவும் பிள்ளையும் கூட்டுச் சேர்ந்து பொய் சொன்னவர்கள் என்றாகிவிட்டால், அப்போது சொல்லக் கூடாது... பார், கழிப்பறையில் நின்றுகொண்டு பாவ அறிக்கையைத் தராசில் வைத்துக்கொண்டிருக்கிறேன், லாபமிருந்தால் மனந்திரும்புவேன், இல்லாவிட்டால் இல்லை. யாரோ கதவைத் தட்டுகிறார்கள். ஜெபம் பண்ணப் பார்த்தேன், கர்த்தாவே என்றதற்கு மேல் வார்த்தை வரவில்லை, அவர் என்ன சொல்வார் என்று தெரியும், நூறு தடவை கேட்டிருக்கிறேன், அவர் என்னை எப்போதோ மன்னித்துவிட்டார், அதுதானே வசதி, அவர் மன்னிப்பார், அதிபர் மன்னிப்பார், அடிபட்டவர்கள் இல்லையே அவர்கள்... வெளியே வந்தேன். சிஸ்டர் பெட்வே கடலைத் தோலை ஒரு காகிதத்தில் சேர்த்துவைத்துக்கொண்டு, பாதிக் கடலையை எனக்கென்று ஒதுக்கியிருந்தாள்.

மாண்ட்கமரியில் அந்தக் கட்டடத்துக்குப் பின்னால் வண்டியை நிறுத்தினேன், பத்தாக இருபது நிமிஷம், எஞ்சினை அணைத்ததும் அவள் கதவுக்குக் கையைக் கொண்டுபோனாள், அந்தக் கை கதவைத் திறந்துவிட்டால் நான் இதை என்றைக்கும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது, எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. "சிஸ்டர், அவனை அந்த வேகத்துல ஓட வெச்சது நான்தான்." கை நின்றது. அவள் என் பக்கம் திரும்பவில்லை. சொன்னேன், முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன், கார்கள், குழாய், வேகமா வேகமா, "பாலு ரொட்டி எல்லாம் பொய் சிஸ்டர், சத்தியம் பண்ணிச் சொன்ன பொய். அவன் என்னைக் காட்டிக் குடுக்க மாட்டேன்னு இருக்கான். அதான் எழுதல." வெயில் காருக்குள் விழுந்தது. 

"ஃபோனை எப்ப வெச்ச?" என்றாள்.

"வெக்கல."

"வெக்கலன்னா?"

"கேட்டுக்கிட்டுதான் இருந்தேன் சிஸ்டர்."

இப்போது திரும்பினாள். அவள் முகத்தை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை, இடது கண்ணில் ஒரு வெண்படலம். "எம்பொண்ணு கத்துனாளா?"

"இல்ல. ஒரு சத்தம்தான். அப்புறம் இவன்தான் கத்துனான். அவ ஒண்ணும் சொல்லல."

"அம்மான்னு கூப்பிடல?"

"இல்ல சிஸ்டர். சத்தியமா."

உன் சத்தியம் எனக்குத் தெரியாதா என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதிலிருந்து இன்னும் ஏதாவது வரும் என்பதுபோல. "கூப்பிடற மாதிரிதான் எனக்குக் கேக்கும்" என்றாள். "எந்திரிச்சுப் போயி வாசக்கதவைத் தெறப்பேன். பன்னெண்டு வருஷமா." பிறகு உதட்டைத் துடைத்துக்கொண்டாள், கடலை உப்பு. "வண்டியைப் பூட்டிட்டு வா. பத்து மணியாவுது."

உள்ளே இரண்டு வரிசை, கைதியின் ஆட்கள் இடப்பக்கம், பாதிக்கப்பட்டவர்கள் வலப்பக்கம், வாசலில் நின்ற காவலாளி, நீங்க எந்தப் பக்கம் என்று கேட்டான், சிஸ்டர் பெட்வே வலப்பக்கம் போய் உட்கார்ந்தாள், அந்தப் பக்கம் அவள் ஒருத்திதான். லாவெலைக் கொண்டுவரமாட்டார்கள், இங்கே கைதிகள் வருவதில்லை, அவனைப் பற்றி அவனில்லாமல்தான் பேசுவார்கள். மிஸ் ஓடம் பேசினாள். என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று நிமிஷம், எழுதிவைத்ததைப் படித்தேன், சமையல் கற்றிருக்கிறான், ஒரு புகார் இல்லை, வீட்டில் அறை தயாராக இருக்கிறது, குரல் கோழியின் குரல் மாதிரி வந்தது, மற்றதை அங்கே சொல்லியிருக்கலாம், மைக் இருந்தது, மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இன்னும் நாற்பது விநாடி இருக்கிறது என்று நேரம் பார்க்கிற பெண் விரலைக் காட்டினாள், நாற்பது விநாடி நான் சும்மா நின்றேன், பிறகு நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் அவள். கைப்பையைத் திறக்கவில்லை. மைக்கைக் கொஞ்சம் தள்ளிவைத்தாள்.

"மன்னிச்சுட்டேன்னு ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டு இருக்கேன். டிவியிலகூட வந்துச்சு. அதைப் பத்தி இன்னிக்குப் பேச வரல. அந்தப் பையன் எனக்குக் கடுதாசி போட்டான், ஒண்ணு கேட்டேன், பதில் எழுதல. வெளிய விட வேணாம்னு சொல்லத்தான் வந்தேன். ஏன் எழுதலன்னு இப்பத் தெரிஞ்சுக்கிட்டேன். அவனை விட்டுருங்க."

நடுவில் இருந்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "என்ன தெரிஞ்சுக்கிட்டீங்கன்னு எங்களுக்குச் சொல்ல முடியுமாம்மா?" என்றார்.

"முடியாது" என்றாள் சிஸ்டர் பெட்வே.

மூவரும் தலையைச் சேர்த்துப் பேசினார்கள், இரண்டு கை உயர்ந்தது, ஒன்று உயரவில்லை, இரண்டு போதும். ஆறு வாரத்தில் வருவான். மிஸ் ஓடம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள், அவளுடைய வாசனைத் தைலம் என் கழுத்தில் ஒட்டிக்கொண்டது, நான் அவள் தோளுக்கு மேலாக வலப்பக்க வரிசையைப் பார்த்தேன், காலி. ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும், கத்த வேண்டும், பன்னிரண்டு வருஷம் இதற்காகத்தானே முழங்கால் தேய்ந்தது, ஏன் எனக்கு ஒரு பிரேத வீட்டிலிருந்து வெளியே வருகிற மாதிரி இருக்கிறது? பின்பக்கம் வந்தேன். அவள் என் வண்டிக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள், வீட்டுக்குப் போக அவளுக்கு வேறு வண்டி இல்லை. கதவைத் திறந்துவிட்டேன். ஏறினாள். பெல்ட் மாட்ட அவளுக்கு முடியவில்லை, நான் குனிந்து மாட்டிவிட்டேன், என் தலை அவள் கைக்குப் பக்கத்தில் இருந்தது. இப்போது கேட்டுவிட வேண்டும், என் மகனுக்காக எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன், எனக்காக ஒரு தடவை, இப்போது, "சிஸ்டர்..." என்றேன்.

"கேக்காத" என்றாள்.

"நான் வந்து..."

"நீ என்ன கேக்கப்போறேன்னு தெரியும். இன்னிக்குக் கேக்காத வெர்லீன். நீ கேட்டா நான் குடுத்தாகணும், அப்படித்தான் நம்மளை வளர்த்து வெச்சிருக்காங்க. குடுக்கறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல. இருந்ததையெல்லாம் உள்ள மைக்குகிட்ட குடுத்துட்டு வந்துட்டேன். வண்டியை எடு."

எடுத்தேன். ஊரைத் தாண்டினோம், ஆற்றுப் பாலம், பஞ்சுக் காடு, அவள் ஜன்னலோரம் முகத்தைச் சாய்த்துக்கொண்டாள், தூங்குகிறாளா கண்ணை மூடியிருக்கிறாளா தெரியவில்லை, மூச்சு சீராகத்தான் வருகிறது. நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் நான் அவளுக்குக் கொடுக்கக்கூடிய ஒரே பொருள் என்று முதல் பத்து மைல் வரை எனக்குத் தெளிவாகத்தான் இருந்தது, இது போதும், இதை ஒழுங்காகச் செய், வாயை மூடிக்கொண்டு ஓட்டு... ஆனால் இன்னிக்கு என்றாளே. கேக்காத என்று மட்டும் சொல்லியிருக்கலாம், இன்னிக்குக் கேக்காத என்றாள். அப்படியானால் நாளைக்கு? நாளைக்கு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து... இல்லை, லாவெல் வந்த பிறகு, அவனையும் கூட்டிக்கொண்டு, கையில் ஒரு கேக்கோடு, சாயங்காலம் அவள் தனியாக இருக்கும் நேரமாகப் பார்த்து, முதலில் அவன் பேசட்டும், பிறகு நான், எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது... வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன், எதை முன்னால் வைப்பது எதைப் பின்னால் வைப்பது என்று, மிஸ் ஓடமின் மேஜையில் உட்கார்ந்து அடுக்கினோமே அதே மாதிரி, அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் மறுபடியும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.